பதில்: எபாக்ஸியில் வார்த்த ஹைட்ரோபோன் மங்கலாகக் கேட்கிறது

ஹைட்ரோபோனின் (தண்ணீருக்கடியில் ஒலி கேட்கும் மைக்) பீசோ தட்டை, அதாவது ஒலியின் அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் தட்டை, எபாக்ஸி என்ற கடினமான பிசினில் வார்த்த பிறகு சத்தம் மங்கிவிட்டது, செய்த ஒவ்வொரு ஹைட்ரோபோனும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறது என்கிறீர்கள். எனக்கு உறையின் மேல்தான் சந்தேகம்.

தண்ணீருக்குள் மீன் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். மீனின் சதை அடர்த்தியில் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. ஒலி தடையில்லாமல் உள்ளே போகிறது. சுமார் மூன்று மடங்கு அடர்த்தியான காதுக்கல் (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்) மட்டும் பின்தங்கி அசைய, அதன் அடியிலுள்ள உணர்மயிர்கள் வளைகின்றன. எவ்வளவு அழகான அமைப்பு! நீங்களும் தண்ணீரோடு ஒத்துப்போகும் பொருளையே சுற்றிலும் வையுங்கள்: ஹைட்ரோபோனுக்கென்றே வரும் மென்மையான பாலியூரித்தேன், அல்லது நியோப்ரீன் ரப்பர் உறைக்குள் விளக்கெண்ணெய்.

அப்புறம் குமிழி. கடுகளவு காற்று சிக்கினாலும் மீனின் காற்றுப்பை போல அதிர்ந்து அளவைக் கெடுக்கும். மீனுக்கு அது உதவி, உங்களுக்கு இடைஞ்சல். கலவையை வெற்றிடத்தில் வைத்து, நுரை பொங்கி அடங்கிய பிறகு மெதுவாக ஊற்றுங்கள்.