புது பிராண்டு ஸ்பேனர் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சொந்தமாக டூவீலர் பட்டறை போடப் போகிறேன். வேலை பழகிய இடத்தில் எல்லாமே டபாரியாதான். இப்போது கடைக்குப் போனால் இன்கோ, டோட்டல் என்று நூறு பீஸுக்கு மேல் இருக்கிற பெட்டியை எடுத்துக் காட்டுகிறார்கள். "இந்தக் காசுக்கு டபாரியாவில் பாதிகூட வராது தம்பி" என்கிறார் கடைக்காரர். எதை எடுப்பது, சார்?
*கோயம்புத்தூர் வாசகர்*

முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். நூற்றுச் சொச்சம் பீஸ் என்பதில் பாதிக்குப் பக்கம் விரல் நீளம்கூட இல்லாத பிட்டுகளும் எல்-கீகளும்தான் இருக்கும். பைக் வேலைக்கு உங்கள் கை திரும்பத் திரும்பப் போவது 8, 10, 12, 14, 17-க்கு. அதிலும் 10 மி.மீ. சாக்கெட் முதல் மாசமே காணாமல் போகும். போனால் அந்த ஒன்றை மட்டும் உங்கள் ஊர்க் கடையில் லூஸாகக் கொடுப்பார்களா? பெட்டி வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

டபாரியா நாசிக்கில் தயாராகிறது. 1960களின் கடைசியில் ஒரு ஸ்வீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தயாரிப்பைத் தொடங்கிய கம்பெனி. உலகத்திலேயே நல்ல டூல் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் ஃபினிஷிங் சுமார்தான். ஆனால் சின்ன ஊர் ஹார்டுவேர் கடையிலும் 12-13 டபுள் எண்ட் ஸ்பேனர் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம். தொழில் செய்கிறவனுக்கு அது பெரிய வசதி. சீனாவிலிருந்து வந்த புது பிராண்டுகள் இந்த இடத்தில்தான் இன்னும் ஊருக்கு ஊர் வித்தியாசப்படுகின்றன. டீலர் பலமாக இருக்கிற ஊரில் எல்லாம் கிடைக்கும். பக்கத்து ஊரில் பெட்டி மட்டும்தான் இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரிங் ஸ்பேனர், டபுள் எண்ட், கட்டிங் பிளேயர் மூன்றையும் பழைய பிராண்டில் லூஸாக எடுப்பேன். ராட்செட்டும் சாக்கெட்டும் புது பிராண்டில் ஒரு நடுத்தரப் பெட்டி, டிரைவ், அதாவது சாக்கெட் மாட்டுகிற சதுர முனை, அரை இஞ்சை விட்டுவிட்டு 3/8 இஞ்ச். அந்த விலைக்குப் புதியவர்கள் தருகிற ராட்செட் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. இதைச் சொன்னால் பழைய மெக்கானிக்குகளுக்குக் கோபம் வரும், வரட்டும்.

வாங்குகிறபோது பையில் தலை 10 மி.மீ. இருக்கிற ஒரு புது போல்ட் கொண்டுபோங்கள். 10 ரிங்கை அதில் மாட்டி இடதும் வலதும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகம் இருந்தால் வேலையில் போல்ட் தலை உருண்டுபோகும். பிளேயரை அழுத்தாமல் மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூக்கு நுனி ஒட்ட வேண்டும். வெட்டுகிற விளிம்பு நெடுக ஒரே சீராகச் சேர வேண்டும். ஃப்ளெக்ஸிபிள் வயரில் ஒரே ஒரு இழையைப் பிரித்து விளிம்பின் கடைசி முனையில் வைத்து வெட்டினால் துண்டாக விழ வேண்டும். மடங்கி நடுவில் மாட்டிக்கொண்டு நின்றால் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே பிராண்டில், ஒரே அட்டைப் பெட்டியில் இருக்கிற நாலு பிளேயரில் இந்தச் சோதனைக்கு நாலு விதமான பதில் வருவது உண்டு.

பெட்டியில் "ஜெர்மன் டெக்னாலஜி" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
*சேலம் வாசகர்*

அந்த வார்த்தைக்குச் சட்டப்படி ஒரு அர்த்தமும் கிடையாது. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருட்கள் விதிகளின்படி, இறக்குமதிச் சரக்கில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்கிறவர்களும் நாட்டைக் காட்டியாக வேண்டும். அந்தச் சின்ன எழுத்துதான் உண்மை. முன்பக்கம் இருக்கிற கொடியும் கழுகும் ஆர்ட்டிஸ்ட் போட்ட படம்.

ஆனால் நாட்டின் பெயர் தெரிந்துவிட்டால் தரம் தெரிந்துவிட்டது என்றும் ஆகாது. உண்மையான ஜெர்மன் கம்பெனிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். க்னிப்பெக்ஸ், 1882 முதல் இருக்கிற குடும்பக் கம்பெனி, இன்றும் வுப்பர்டால் நகரத்தில் பிளேயர் அடிக்கிறது. அதே வுப்பர்டாலில் தலைமையகம் வைத்திருக்கிற வேரா தன் ஸ்க்ரூ டிரைவர்களைப் பெரும்பாலும் செக் நாட்டுத் தொழிற்சாலையில் செய்கிறது. கருங்காட்டுப் பகுதியைச் சேர்ந்த வீஹாவுக்கு வியட்நாமிலும் தொழிற்சாலை இருக்கிறது. செக் நாட்டு வேராவை யாராவது மட்டம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

ஊர் ஏன் முக்கியம் என்றால், ஒரு ஸ்பேனருக்குப் பின்னால் ஃபோர்ஜிங் (சூடான இரும்பை அடித்து உருவாக்குவது), டை (அதற்கான அச்சு), ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் என்று நாலைந்து தொழில் இருக்கிறது. தைவானின் தைச்சுங் பக்கம் இவையெல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அதனால்தான் அமெரிக்காவின் புது பிராண்டுகள் பலவும் சாக்கெட்டையும் ராட்செட்டையும் அங்கேயே வாங்குகின்றன. அங்கே ஒரே தொழிற்சாலை ஐந்தாறு பேருக்கு அடித்துக் கொடுக்கும். இரும்பு எந்த கிரேடு, வாய் அளவில் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம், எத்தனை பீஸுக்கு ஒன்றைச் சோதிப்பது, சரியில்லாத லாட்டைத் திருப்பி அனுப்புவதா தள்ளுபடி விலையில் எடுத்துக்கொள்வதா, இதையெல்லாம் முடிவு செய்வது பெயர் போடுகிற கம்பெனி. புது பிராண்டு என்றால் பெரும்பாலும் தயாரிப்பாளர் இல்லை, வாங்குகிறவர். நல்ல வாங்குகிறவரா என்பதுதான் கேள்வி. அதுவும் டூலுக்கு டூல் மாறும்: சாக்கெட் பிரமாதமாக இருக்கிற பிராண்டில் பிளேயர் குப்பையாக இருக்கலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே செய்தவை அல்ல.

"குரோம் வனேடியம்" என்று அச்சு இருந்தால் நல்ல ஸ்பேனர்தானே?
*மதுரை வாசகர்*

இரும்பின் பெயர் அது. அதைச் சரியான சூட்டில் காய்ச்சி, சரியாகக் குளிரவைத்து, மறுபடி பதம் பார்த்தார்களா என்பதை அச்சு சொல்லாது. கடினம் கூடினால் உடையும், குறைந்தால் வாய் விரியும். இன்று மலிவு ஸ்பேனரிலும் அந்த அச்சு இருக்கிறது. அதனால் அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

லாரி டயர் கடை வைத்திருக்கிறேன். பளபளவென்று குரோம் போட்ட சாக்கெட்டை ஏர் கன்னில் மாட்டலாமா? விலை பாதிதான்.
*நாமக்கல் வாசகர்*

கூடவே கூடாது. கைக்கான குரோம் சாக்கெட் கடினமானது. இம்பாக்ட் அடியில் கண்ணாடி மாதிரி தெறிக்கும். துண்டு கண்ணுக்குப் போகும். கருப்பாக, சுவர் தடிமனாக இருக்கிற குரோம் மாலிப்டினம் இம்பாக்ட் சாக்கெட்தான் வேண்டும். இதில் பிராண்டு, நாடு எல்லாம் இரண்டாம்பட்சம்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வருகிறார். டெக்டன், ஐகான், கிராஃப்ட்ஸ்மேன் என்று யூடியூபில் புகழ்கிறார்கள். எதை வாங்கிவரச் சொல்லலாம்? ஆயுள் வாரண்டி உண்டாமே?
*தஞ்சாவூர் வாசகர்*

அண்ணனிடம் முதலில் சொல்ல வேண்டியது: இஞ்ச் அளவு வேண்டாம், மெட்ரிக் மட்டும். அங்கே விற்கிற பெட்டிகளில் பல பாதிக்குப் பாதி இஞ்ச் சாக்கெட். நம் பைக்குக்கும் காருக்கும் அது உதவாது. பழைய புல்லட் வைத்திருக்கிறேன், அதற்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். அது விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவுக் கணக்கு, அந்த இஞ்ச் வேறு.

ஆயுள் வாரண்டி உண்டு. ஆனால் மாற்றுப் பீஸ் அண்ணன் வீட்டு வாசலுக்கு வரும், தஞ்சாவூருக்கு வராது. டெக்டன் மிச்சிகன் மாநிலக் கம்பெனி. முன்பு சீனச் சரக்கு அதிகம் விற்று, பிறகு தைவான் பக்கம் நகர்ந்து பெயர் வாங்கியது. ஐகான், ஹார்பர் ஃபிரெய்ட் என்ற மலிவுக்கடைச் சங்கிலியின் உயர்தர வரிசை. அதுவும் தைவான் சரக்கில்தான் பெயர் எடுத்தது. இரண்டுமே கொடுக்கிற காசுக்கு நியாயமானவை.

கிராஃப்ட்ஸ்மேன் கதை வேறு. சியர்ஸ் கடைகளின் சொந்தப் பிராண்டாக இருந்ததை 2017-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. அமெரிக்க மண்ணிலேயே மறுபடி ஸ்பேனரும் சாக்கெட்டும் செய்வோம், தானியங்கி மெஷினால் சீன விலையைத் தொடுவோம் என்று டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த்தில் தொழிற்சாலை கட்டப்போவதாக 2019-இல் அறிவித்தார்கள். திட்டமிட்ட முதலீடு 9 கோடி டாலர். மெஷின்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 2023-இல் மூடிவிட்டார்கள். பணமும் பெயரும் இருக்கிற கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், ஆள் அனுபவம் இல்லாமல் ஒரு ஊரில் டூல் தொழிலை நட்டுவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். அங்கே "மேட் இன் யு.எஸ்.ஏ." என்று மொட்டையாகப் போட, கிட்டத்தட்ட முழுவதும் அங்கேயே செய்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பெட்டியில் "உலகச் சரக்கைக் கொண்டு" என்ற வால் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணன் பெட்டியில் இடம் கொஞ்சம்தான் என்றால் சாக்கெட் செட் வேண்டாம், கனம். ஒரு நல்ல ராட்செட், வாய் அகலத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு க்னிப்பெக்ஸ் கோப்ரா பிளேயர். எல்லாவற்றையும் செக்-இன் லக்கேஜில் போடச் சொல்லுங்கள்.

துபாயில் எலெக்ட்ரீஷியன் வேலை. புது பிராண்டு பிளேயர் ஒன்று, கைப்பிடி தடிமனாக, சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிறது. கரண்டில் வேலை செய்யலாமா, அண்ணே?
*துபாய் வாசகர்*

நிறத்தை நம்பாதீர்கள் தம்பி. கைப்பிடியிலோ உலோகத்திலோ 1000 வோல்ட் என்ற எண்ணும், இரட்டை முக்கோணக் குறியும், ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தர எண்ணும் அழியாத அச்சாக இருக்க வேண்டும். அந்தத் தரப்படி டூலைத் தண்ணீரில் வைத்து 10,000 வோல்ட் கொடுத்துச் சோதிக்கிறார்கள். வெறும் ரப்பரில் முக்கி எடுத்த கைப்பிடி வழுக்காமல் பிடிக்க மட்டும்தான். ஒட்டிய ஸ்டிக்கரில் 1000 என்று எழுதியிருப்பது கணக்கில் வராது. கைப்பிடியில் கீறல் விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் மெக்கானிக் வேலைக்குத் தள்ளிவிடுங்கள். மற்ற டூலில் எல்லாம் விலை பார்க்கலாம். இதில் பெயர் தெரிந்த கம்பெனி, பில்லோடு. முடிந்தவரை மெயினை ஆஃப் செய்தே வேலை செய்யுங்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

120 பல் ராட்செட், 72 பல் ராட்செட்: விலை வித்தியாசத்துக்கு அர்த்தம் உண்டா?
*ஓசூர் வாசகர்*

360-ஐப் பல்லால் வகுங்கள். 72 பல் என்றால் ஒரு சொடுக்குக்கு 5 டிகிரி, 120 என்றால் 3 டிகிரி. இன்ஜின் இடுக்கில் கை ஆட இடமில்லாத வேலைக்கு அந்த 2 டிகிரி பிரயோஜனம். வெளியில் 72 போதும். 24 பல் பழைய ராட்செட்டுக்கு ஒவ்வொரு முறையும் 15 டிகிரி ஆட வேண்டும், அதை மாற்றினால்தான் நிஜமான வித்தியாசம் தெரியும்.

ஹோண்டா, யமஹா பைக்குகளில் ஸ்டார் ஸ்க்ரூ தலை அடிக்கடி மழுங்கிவிடுகிறது. விலை கூடிய ஸ்க்ரூ டிரைவர் வாங்கினேன். அப்படியும்தான்.
*திருநெல்வேலி வாசகர்*

ஸ்க்ரூ டிரைவர் மேல் தப்பில்லை, ஜோடி சேரவில்லை. ஜப்பான்காரர்களின் பழைய கூட்டல் பள்ளம் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரக் கணக்கு, நீங்கள் வாங்கியது பிலிப்ஸ் கணக்கு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். பிலிப்ஸ் முனையை ஜே.ஐ.எஸ். பள்ளத்தில் வைத்தால் அடிவரை உட்காராது, சுற்றினால் மேலே ஏறி வெளியே வரும், வரும்போது பள்ளத்தைச் சுரண்டும். ஸ்க்ரூ தலையில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் அது ஜே.ஐ.எஸ்.

ஒசாகாவின் வெசல் கம்பெனி இதற்கான ஸ்க்ரூ டிரைவர் செய்கிறது. பின்பக்கம் சுத்தியலால் தட்டினால் முனை தானே சிறிது திரும்புகிற இம்பாக்டா என்ற வகையும் உண்டு. துருப்பிடித்த கவர் ஸ்க்ரூவுக்கு அது தெய்வம். ஏற்கெனவே மழுங்கிய தலையைப் பிடித்துக் கழற்ற, ஜப்பானின் இன்ஜினியர் கம்பெனி ஒரு பிளேயர் செய்கிறது; அதன் வாயில் பல் நெடுக்குவாட்டில் வெட்டியிருக்கும், ஸ்க்ரூ தலையைக் கவ்வும். புது சீன பிராண்டுகளும் அதே மாதிரி விற்கின்றன, சில நன்றாகவே இருக்கின்றன.

இந்தியாவிலேயே நல்ல டூல் செய்கிறோம் என்றால் ஏன் நம் கடையில் வெளிநாட்டுப் பெயராகவே இருக்கிறது?
*திருச்சி வாசகர்*

ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர் போன ஊர்கள். தொழிலுக்கு உதவ ஜலந்தரில் 1983-இல் மத்திய கைக்கருவி நிறுவனமே அமைத்தார்கள். ராஜஸ்தானின் நாகௌரிலும் சின்னப் பட்டறைகள் நிறைய. அங்கே அடிக்கிற சரக்கில் பெரும் பங்கு ஏற்றுமதிக்குப் போகிறது, போகிற நாட்டில் வேறொருவர் பெயர் அதன்மேல் ஏறுகிறது. பைப் ரெஞ்ச், வைஸ், சுத்தியல், ஜி கிளாம்ப் மாதிரி கனமான ஃபோர்ஜிங், காஸ்டிங் சாமான்களில் நம் ஆட்கள் கெட்டி. நுணுக்கமான ராட்செட்டிலும் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் பிளேயரிலும் தைவானும் ஜப்பானும் முன்னால் நிற்கின்றன. பைப் ரெஞ்சுக்கு இறக்குமதிப் பெயர் தேடி அதிகக் காசு கொடுப்பவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பழைய இரும்புக் கடையில் கெடோர், பாக்கோ என்ற பழைய ஐரோப்பிய பிராண்டுகளின் அச்சுப் போட்ட ஸ்பேனர்கள் எடை போட்டுக் கிடைக்கின்றன. புது பிராண்டைவிட இது மேலா?
*ராணிப்பேட்டை வாசகர்*

பல நேரம் மேல்தான், பொறுக்கத் தெரிந்தால். கேஸில் சூடுகாட்டி வளைத்த ஸ்பேனரில் நீலமும் பழுப்புமாகத் திட்டு இருக்கும். பதம் போயிருக்கும், விடுங்கள். வாயைக் கிரைண்டரில் சீவி இடுக்குக்குள் நுழைத்தவை, டியூப் செருகி நெம்பி நீட்டியவை, வெல்டிங் தடம் உள்ளவை எல்லாம் வேண்டாம். பாக்கோ அட்ஜஸ்டபிளில் திருகு உருளையைப் பெருவிரலால் ஓட்டிப் பாருங்கள். நடுவில் சிக்கினாலோ, தாடை பக்கவாட்டில் ஆடினாலோ விலையைக் குறைக்கச் சொல்லக்கூட வேண்டாம், கீழே வைத்துவிடுங்கள். ரிங் ஸ்பேனருக்கு மேலே சொன்ன அதே புது போல்ட் சோதனைதான். அளவு எண்ணையும் படித்துப் பாருங்கள். 3/8, 7/16 என்று பின்னத்தில் இருந்தால் அது உங்களுக்கு இரும்பு விலைக்கும் வேண்டாம்.