வீடியோ கேமில் கெட்டவனாக விளையாட மனம் வருவதில்லையே, ஏன்?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான். நல்ல பாதை, கெட்ட பாதை என்று இரண்டு உள்ள எந்த விளையாட்டையும் அவர் நல்லவனாகவே முடிக்கிறார். இரண்டாம் முறை கெட்டவனாக விளையாடலாம் என்று உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் மனம் மாறிவிடுகிறது. இது எல்லோருக்கும் உள்ளதுதானா, இதனால் பாதி விளையாட்டை இழக்கிறோமா என்று கேட்கிறார்.

எனக்கும் அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கும் அப்படித்தான். மாஸ் எஃபெக்ட் விளையாட்டில் பண்பானவனாகவும் போகலாம், முரடனாகவும் போகலாம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் எபெங்கர், சுமார் 92 சதவீதம் பேர் பண்பான பக்கத்தையே எடுத்தார்கள் என்று 2020இல் சொன்னார். முரட்டுப் பக்கத்துக்காகவும் அவ்வளவு உழைத்தோமே என்ற வருத்தம் அவருக்கு.

ஆனால் இதை வைத்து நூற்றுக்கு 92 பேர் நல்லவர்கள் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் பாம்பன்காரன். அப்பாவுக்கு நாட்டுப்படகு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கடலுக்குப் போக முடியாது. அந்த நாட்களில் நானும் தம்பியும் ஒரு பழைய லேப்டாப்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு விளையாடுவோம். தம்பி எப்போதும் கெட்ட பாதைதான். பிச்சை கேட்பவனை அடிப்பான், காப்பாற்றச் சொன்னவனிடமே திருடுவான். அதே தம்பிதான் புயலில் யார் படகு நங்கூரத்தை அறுத்துக்கொண்டு போனாலும் முதல் ஆளாகக் கழுத்தளவு தண்ணீரில் இறங்குகிறவன். கேட்டால், "நெசத்துல செய்ய முடியாதத அதுலதானண்ணே செய்ய முடியும்" என்பான். அவன் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதனால் கெட்ட பாதையில் விளையாடுவது தவறா என்ற கவலையை விட்டுவிடுங்கள்.

என் சந்தேகம் நல்ல பாதை மேல்தான். பெரும்பாலான விளையாட்டுகளில் நல்லவனாக இருப்பதற்குச் செலவே இல்லை. 2007இல் வந்த பயோஷாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அடியில் இடிந்துகொண்டிருக்கும் ஒரு நகரம். அங்கே சின்னப் பெண்பிள்ளைகளின் உடம்புக்குள் ஆடம் என்ற பொருள் இருக்கிறது. உங்கள் சக்தியைக் கூட்டிக்கொள்ள அது வேண்டும். பிள்ளையைக் கொன்றால் 160 ஆடம், காப்பாற்றினால் 80. முதல் தடவை கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் மூன்று மூன்று பிள்ளைகளாகக் காப்பாற்றும்போதெல்லாம் 200 ஆடம் பரிசாக வந்துவிடும். மொத்தம் 21 பிள்ளைகள். எல்லோரையும் கொன்றால் 3360, எல்லோரையும் காப்பாற்றினால் 3080. கூடவே வேறு பரிசுகளும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் செய்த தியாகம் மொத்தமே 280தான்.

அந்தக் கணக்கு எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தியது என்றால், எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. எங்கள் பக்கத்துக் கடலில் கடல் அட்டை உண்டு. மணலைத் தின்று கழிக்கிற, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு உயிர். வெளிநாட்டில் அதற்கு நல்ல விலை. 2001இல் அதைப் பிடிப்பதற்குத் தடை வந்தது. இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம் என்பதால், இங்கே பிடித்துக் காயவைத்து ராத்திரியில் அந்தப் பக்கம் அனுப்புகிறவர்கள் உருவானார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், விடுமுறை நாளில் அப்பாவோடு கடலுக்குப் போயிருந்தேன். அந்த வாரம் முழுக்க மீன்பாடே இல்லை. அன்று வலையில் ஏழெட்டு அட்டை கிடந்தது. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் கடலில் போட்டார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்துப் படகில் இருந்தவர் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார், வாயைத் திறந்து கேட்டார்.

கரைக்கு வந்த பிறகு நான் கோபத்தில் சாப்பிடவில்லை. அப்பா சட்டமும் பேசவில்லை, தர்மமும் பேசவில்லை. "பிடிச்சா கேஸு, அது ஒரு பக்கம். அந்தக் காசு ஒருவாட்டி கைக்கு வந்துட்டா அப்புறம் மீன் காசு காசாவே தெரியாதுடா" என்றார். பிறகு மீன் வாங்குகிற ஒருவரிடம் முன்பணம் வாங்கி என் பணத்தைக் கட்டினார். முன்பணம் வாங்கினால் மீனை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. இரண்டு வருடம் அப்படிப் போனது. அதற்குப் பிறகும் பலமுறை அப்பா அட்டையைக் கடலில் விட்டிருக்கிறார். மூன்றாவது தடவை விட்டபோது கரையில் யாரும் பரிசோடு காத்திருக்கவில்லை.

இதனால்தான் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் உங்கள் மரியாதையை அளக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. வழியில் போகிறவர்களுக்கு வணக்கம் சொன்னால்கூட அது ஏறும் என்பது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனால் அதில் ஒரு இடத்தில், நாம் ஆடுகிற ஆளான ஆர்தர் மார்கன் கடன் வசூலிக்கப் போகிறான். கடன் வாங்கியவர் தாமஸ் டௌன்ஸ் என்ற நோயாளி விவசாயி. அவரை அடிக்காமல் கதை நகராது, அங்கே தேர்வே கிடையாது. முன்பணம் கொடுத்தவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போட்ட நாளில் நான் கதவுக்குப் பின்னால் நின்றவன். இங்கே அடிக்கிற கை என்னுடையதாக இருந்தது. அன்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துவிட்டேன், ஒரு வாரம் தொடவில்லை. அந்த அடியின்போது அவர் இருமித் தெறித்த ரத்தத்திலிருந்துதான் ஆர்தருக்குக் காசநோய் தொற்றுகிறது. பின்னால் வேறு கடன்காரர்களிடம் போகும்போது கடனைத் தள்ளிவிடலாம். நான் தள்ளினேன். டௌன்ஸ் அதற்குள் செத்துப்போயிருந்தார்.

சரி, எந்த விளையாட்டில் இந்தத் தேர்வு உண்மையாக இருக்கிறது என்று கேட்டால் என் பதில் பேப்பர்ஸ் ப்ளீஸ். லூகாஸ் போப் என்ற ஒரே ஆள் செய்து 2013இல் வெளியிட்டது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, 1982ஆம் வருடம். நீங்கள் எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி. ஒருவரைச் சரியாகப் பார்த்து அனுப்பினால் 5 காசு கூலி. ராத்திரி அதில் வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம் எல்லாம் முடிய வேண்டும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. தவறான ஆளை உள்ளே விட்டால் உடனே ஒரு சீட்டு வந்து விழும். ஒரு நாளில் முதல் இரண்டு சீட்டு எச்சரிக்கை மட்டும். மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். நல்லவன், கெட்டவன் என்று எந்த அளவுகோலும் கிடையாது.

இதை நான் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு நண்பனுக்குக் காட்டினேன். அவன் வீட்டார் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் உள்ளே விடுவான் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அவனோ தாளுக்குத் தாள் தேதி, ஊர்ப் பெயர், முகம் என்று ஒன்று விடாமல் பார்த்தான். ஒரு எழுத்து பிசகினாலும் சிவப்பு முத்திரை. எனக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது.

அப்புறம் ஐந்தாம் நாள் வந்தது. ஒரு கணவன் சரியான தாளோடு உள்ளே போகிறான். பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் கருணையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். நண்பன் யோசிக்கவே இல்லை, பச்சை முத்திரை குத்தினான். எச்சரிக்கைச் சீட்டு விழுந்தது. "ஒரு நாளைக்கு ரெண்டு பேரை விடலாம். மத்ததெல்லாம் பிழையில்லாமப் பார்த்தாத்தான் இந்த ரெண்டு பேரை விட முடியும்" என்றான். அந்த இரண்டு எச்சரிக்கையையும் அவன் காலையிலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறான். நான் அதே விளையாட்டை இரண்டு முறை முடித்தவன், எனக்கு இது தோன்றவே இல்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முகாமில் யார் யார் இருக்கிறார்கள் என்று இருப்பு எடுக்க வருகிற ஒருவர் இப்படித்தான் இருந்தாராம். எல்லோரிடமும் கறார். ஆனால் அவனுடைய அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பத் தாமதமான நாளில் பெயரை விட்டுவிடாமல் எழுதிக்கொண்டாராம். "அவருக்கும் பிள்ளையள் இருக்குத்தானே, எல்லாருக்கும் அப்படிச் செய்ய ஏலாது" என்றான்.

கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வது, அளவுகோல் காட்டுகிற விளையாட்டுகளில் எந்தப் பாதையில் போனாலும் நீங்கள் எதையும் பெரிதாக இழக்கவில்லை. அளவுகோல் இல்லாத இதை ஒருமுறை விளையாடிப் பாருங்கள். நண்பனும் நானும் அன்று தொடர்ந்து விளையாடினோம். பிறகு ஒரு நாள் கணக்கில் இரண்டு எச்சரிக்கையும் தீர்ந்திருந்தது. வீட்டில் மாமாவுக்கு உடம்பு சரியில்லை. கையில் இருந்த காசு மருந்துக்கும் வாடகைக்கும் மட்டும் சரியாக இருந்தது. தாள் சரியில்லாத இன்னொருவர் வந்து கெஞ்சினார். நண்பன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ செய்" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான்.

நான் சிவப்பு முத்திரையைக் குத்தினேன். அன்று ராத்திரி மாமாவுக்கு மருந்து வாங்க முடிந்தது.