திண்ணையில் தொடங்கிக் கடற்கரையில் முடியும் புதுச்சேரி நடை

கேள்வி: ஜனவரியில் கோவையிலிருந்து பெற்றோரையும் பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வருகிறோம். பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க இயலாது. அப்பாவுக்குப் பழைய வீடுகள் என்றால் மிகுந்த ஈடுபாடு. எங்கே தொடங்கி, எந்த வீதிகளில், எந்த நேரத்தில் நடக்கலாம்?

பதில்: பழைய புதுச்சேரி நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. மேற்கே அண்ணா சாலையிலிருந்து கிழக்கே கடற்கரை வரை ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆகவே, உங்கள் தாயாரைத் தொலைவைவிட வெயிலும், உட்கார இடம் கிடைக்காததுமே வருத்தும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், நடையைக் காலை, மாலை என இரண்டாகப் பிரித்து, நண்பகலில் தங்குமிடத்துக்குத் திரும்பி ஓய்வெடுங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த ஒயிட் டவுனில் மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உங்கள் தந்தையாரின் ஆர்வத்துக்கு உரிய வீடுகளோ வாய்க்காலுக்கு மேற்கேதான் மிகுதி. எனவே, காலையை மேற்குக்கும் மாலையைக் கிழக்குக்கும் ஒதுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு முன்பே வைசியாள் வீதிக்கு வந்துவிடுங்கள். பெயர்ப்பலகையில் கல்வே சுப்பராய செட்டி வீதி என்றிருக்கும். மகாத்மா காந்தி சாலைக்கும் மிஷன் வீதிக்கும் இடைப்பட்ட பகுதியே நீங்கள் பார்க்க வேண்டியது. இங்குள்ள வீடுகளின் முகப்புகள் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியில் வரிசையாகச் சீரமைக்கப்பட்டன; அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. தமிழ் வீட்டில் வீதியை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சரிவோடு கூடிய தாழ்வாரம் இருக்கும்; வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக அது பொதுவில் விடப்பட்ட இடம். அதற்கு உள்ளே திண்ணை, பிறகு செதுக்கு வேலைப்பாடுள்ள தலைவாசல், அதையும் கடந்தால் முற்றம். ஓரடுக்கு வீடாக இருந்தால் இவ்வளவே. மாடி இருந்தால் அண்ணாந்து பாருங்கள். கீழே மரத்தூணும் திண்ணையுமாக இருக்கும் வீடு, மேலே சுண்ணாம்புப் பூச்சுத் தூண்களும் வளைவுச் சன்னல்களுமாகப் பிரெஞ்சு முகம் காட்டும். இரண்டு பாணிகளும் இப்படிக் கலந்திருப்பதை உங்கள் மகளிடம் சொல்லி, அப்படிப்பட்ட வீடுகளை எண்ணச் சொல்லுங்கள், சலிப்பில்லாமல் நடப்பாள். இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால், திண்ணையில் உட்காரவோ உள்ளே எட்டிப் பார்க்கவோ விரும்பினால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை.

அதே வட்டாரத்தில், ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக உள்ளது. ஆங்கிலேய அரசின் கைதுக்குத் தப்பி 1908இல் இங்கு வந்த அவர் 1918 வரை புதுச்சேரியிலேயே இருந்தார். அதிகாலையில் அது திறந்திருக்காது; வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள், அல்லது உள்ளே போக வேண்டுமென்றால் காலை நடையின் முடிவில் ஆட்டோவில் திரும்பி வாருங்கள்.

இதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். காலைச் சிற்றுண்டியை இங்கே முடித்துக்கொண்டு, தெற்கே ரங்கப்பிள்ளை வீதிக்கு ஆட்டோவில் செல்லுங்கள். நடையென்று வந்துவிட்டு ஆட்டோவா எனத் தயங்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவருக்கு இந்த இடைவெளிதான் மீதி நாளைக் காப்பாற்றித் தரும். அங்கே குபேர் அங்காடியை ஒட்டி ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த இவர், 1736 முதல் ஏறக்குறைய இறக்கும்வரை எழுதிவந்த தமிழ் நாட்குறிப்புதான் அந்தக் காலத்துப் புதுச்சேரியை அன்றாட வாழ்க்கையோடு நமக்குக் காட்டுகிறது. 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமானார். வென்றவர்கள் பிரெஞ்சுக்காரர்களின் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள், மாளிகை தப்பியது. மாலையில் நீங்கள் ஒயிட் டவுனில் பார்க்கப்போகும் கட்டடங்கள் எல்லாம் அந்த அழிவுக்குப் பிறகு எழுந்தவை என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாளிகைக்குள் முன் அனுமதி இல்லாமல் செல்ல முடியாது. அங்காடியில் பூக்கடைப் பக்கம் மட்டும் போய்வந்தால் போதும். மீன் விற்கும் பகுதியில் தரை ஈரமாக இருப்பதால் உங்கள் தாயாரை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள்.

மிஷன் வீதியில் உள்ள தூய அமலோற்பவ அன்னைப் பேராலயத்தை ஊரார் சம்பா கோயில் என்பார்கள். இப்போதைய கட்டடம் 1791இல் நிறைவுற்றது. இதற்கு அருகில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748இல் துய்ப்ளே காலத்தில் இடிக்கப்பட்டதைப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வேதனையோடு பதிந்திருக்கிறார். இன்றைய வேதபுரீசுவரர் கோயில் பின்னர் வேறிடத்தில் கட்டப்பட்டது. பேராலயத்துக்குள் உட்கார இருக்கைகள் உண்டு. காலை நடையை இங்கே முடியுங்கள்.

மாலை நான்கு மணிக்குப் பாரதி பூங்காவில் தொடங்குங்கள். மரநிழலும் இருக்கைகளும் உள்ள இந்த இடத்தில் அரை மணி நேரம் வீணானாலும் தவறில்லை. நடுவில் உள்ள வெண்ணிற ஆயி மண்டபம், தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் நினைவாகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது என்பது ஊர் சொல்லும் கதை. பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில் பண்டைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள் இருக்கின்றன, திங்கட்கிழமை விடுமுறை. மணக்குள விநாயகர் கோயிலும் அருகிலேயே உள்ளது. உங்கள் மகள் யானையை எதிர்பார்த்து வருவாளானால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்: அங்கிருந்த லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது.

பிறகு ரோமன் ரோலண்ட் வீதி, துய்மா வீதி என வடக்கு தெற்காகச் செல்லும் வீதிகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் நடந்து தீர்ப்பதால் புதிதாக எதுவும் கிடைக்காது. காலையில் பார்த்த வீடுகளோடு ஒப்பிட்டால், வேறுபாடு உடனே கண்ணில் படும். இங்கே வீடு வீதியோடு பேசுவதில்லை: உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, அதற்குப் பின்னே தோட்டம், அதையும் தாண்டித்தான் வீடு. தாழ்வாரமும் திண்ணையும் இல்லாததால் வழியில் உட்கார இடமும் இல்லை. அதனால்தான் பூங்காவில் முதலிலேயே ஓய்வெடுக்கச் சொன்னேன். நடைமேடைகள் பல இடங்களில் குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும். அவற்றில் ஏறி இறங்குவதைவிட, வீதியின் ஓரமாக நடப்பதே முழங்காலுக்கு நல்லது.

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தால் போதும். அந்நேரம் முதல் அங்கே வாகனங்களை அனுமதிப்பதில்லை என்பதால், காந்தி சிலையைச் சுற்றி நடுச்சாலையிலேயே நிதானமாக நடக்கலாம். கடலோரக் கைப்பிடிச் சுவரில் உட்காரவும் இடம் கிடைக்கும். திரும்புவதற்கான ஆட்டோவும் அந்தச் சாலைக்குள் வராது. ஆகவே, எந்தக் குறுக்கு வீதியின் முனையில் வந்து நிற்க வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசி, கட்டணத்தையும் அப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள்.