அம்பாசடர் வேக்குவம் ஓஸ்: எங்கே மாட்டணும், எப்படிச் சோதிக்கணும்? (கேள்வி பதில்)

வேக்குவம் ஓஸ் என்பது கார்பரேட்டரின் உறிஞ்சலை (வேக்குவம்) டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வேக்குவம் யூனிட்டுக்குக் கொண்டுபோகும் சின்னக் குழாய். யூனிட்டுக்குள் இருக்கும் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) இழுபட்டு, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகட்டை நகர்த்தும். பிளக்கில் தீப்பொறி விழும் நேரம் டைமிங்; அது முன்னால் விழுந்தால் அட்வான்ஸ், பின்னால் விழுந்தால் ரிட்டார்டு. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினைப் பற்றியவை: லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட், ஒற்றைக் கார்பரேட்டர். மற்ற பழைய பெட்ரோல் வண்டிகளுக்கும் அடிப்படை இதுதான். கீழே வேக்குவம் அளவெல்லாம் கேஜ் காட்டும் பாதரச அங்குலக் கணக்கு. வெறுமனே டிகிரி என்றால் கிராங்க் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) சுற்றும் டிகிரி.

கேள்வி: கார்பரேட்டரைக் கழற்றி சர்வீஸ் பண்ணி மாட்டிட்டேன் சார். இப்ப சின்னச் சின்னக் குழாய் மூணு தெரியுது. டிஸ்ட்ரிபியூட்டர் ஓஸ் எதுல போகணும்?

கண்ணால் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ஒரு வேக்குவம் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு குழாயிலும் கேஜை மாட்டிப் பாருங்கள். முள் பூஜ்யத்திலேயே இருந்து, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதும் ஏறினால் அதுதான் டிஸ்ட்ரிபியூட்டருக்கான துளை. த்ராட்டில் தகடு (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் கார்பரேட்டர் தகடு) மூடியிருக்கும்போது அதன் விளிம்புக்கு ஒரு மயிரிழை மேலே இந்தத் துளை இருக்கும். தகடு திறந்து விளிம்பு துளையைத் தாண்டினதும் மானிஃபோல்டின் (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாய்) உறிஞ்சல் துளைக்குக் கிடைக்கிறது. இதை 'போர்ட்டட்' என்பார்கள்.

ஐடிலிங்கிலேயே 16 முதல் 20 வரை காட்டினால் அது மானிஃபோல்டு வேக்குவம். ஐடிலிங்கிலும் இல்லை, ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் இல்லை என்றால் அது பெரும்பாலும் ஃப்ளோட் சேம்பர் மூடியிலிருந்து வரும் காற்று அல்லது ஓவர்ஃப்ளோ குழாய். அதில் ஓஸை மாட்டினால் அட்வான்ஸ் கிடைக்காது. நீடில் வால்வு (ஃப்ளோட் சேம்பருக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) ஒழுகுகிற அன்றைக்குப் பெட்ரோல் நேராக டயஃப்ரத்துக்கே போய்ச் சேரும்.

கேள்வி: மானிஃபோல்டுல மாட்டினா ஐடிலிங் அருமையா இருக்கும்னு எங்க மெக்கானிக் அண்ணன் சொல்றார். மாட்டினேன், உண்மையிலேயே ஐடிலிங் ஏறிடுச்சு. அப்படியே விட்டுடலாமா?

ஏறத்தான் செய்யும். ஐடிலிங்கிலேயே 10, 15 டிகிரி கூடுதல் அட்வான்ஸ் கிடைக்கிறது அல்லவா? ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அந்த ஐடிலிங்கில் மட்டும்தான். சீரான வேகத்தில் பாதி ஆக்சிலேட்டரில் ஓடும்போது போர்ட்டட் துளையிலும் மானிஃபோல்டிலும் ஏறக்குறைய ஒரே வேக்குவம். முழு மிதியில் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய பூஜ்யம். அதனால் 'மானிஃபோல்டில் மாட்டினால் இழுவை கூடும், மைலேஜ் கூடும்' என்பதில் பெரிய சரக்கு இல்லை.

தொந்தரவு எங்கே வரும் என்றால், லேசான சுமை ஏறும்போது. கிளட்சை விடுகிறீர்கள், ஆர்பிஎம் கொஞ்சம் இறங்குகிறது, வேக்குவமும் இறங்குகிறது, அதோடு அட்வான்ஸும் பின்வாங்குகிறது. எஞ்சின் இன்னும் தளர்ந்து அணைகிறது. பழைய எஞ்சினில் ஐடிலிங் வேக்குவம் நிலையாக நிற்காமல் ஆடினால் டைமிங்கும் கூடவே ஆடும், ஐடிலிங் ஏறி இறங்கும். மானிஃபோல்டு வேக்குவத்துக்கென்றே கம்பெனி அமைத்த எஞ்சின்கள் உண்டு. அவற்றின் வேக்குவம் யூனிட்டும் பேஸ் டைமிங்கும் (ஐடிலிங்கில் வைக்கும் அடிப்படை டைமிங்) அதற்குத் தோதாக இருக்கும். உங்கள் வண்டியில் கம்பெனி எங்கே கொடுத்ததோ அங்கேயே மாட்டுங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போர்ட்டட் துளையிலேயே ஐடிலிங்கில் 3, 4 அங்குலம் காட்டுகிறதா? ஐடிலிங் ஸ்க்ரூவை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள், தகடு துளையைத் தாண்டித் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். அதற்குக் காரணம் டைமிங் பின்தங்கியது, மிக்ஸ்சர் சரியில்லாதது, எங்கோ காற்று ஒழுகுவது என்று எதுவாகவும் இருக்கலாம். அதைச் சரிசெய்து ஸ்க்ரூவை இறக்குங்கள்.

கேள்வி: டைமிங் வைக்கும்போது ஓஸைக் கழட்டணுமா, வேண்டாமா?

கழற்ற வேண்டும், கார்பரேட்டர் பக்க முனையை அடைக்கவும் வேண்டும். நிறையப் பேர் கழற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். மானிஃபோல்டு வேக்குவம் என்றால் அந்தத் துளை வழியாகக் காற்று புகுந்து மிக்ஸ்சர் மெலிந்து ஐடிலிங் குலையும். குலைந்த ஐடிலிங்கில் வைத்த டைமிங் கணக்கில் சேராது.

வரிசை இது. முதலில் பாயிண்ட் கேப் (இடைவெளி) 0.35 முதல் 0.40 மி.மீ. கேப்பை மாற்றினால் டைமிங் மாறும் என்பதால் இது முன்னால். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஓஸைக் கழற்றி, கார்பரேட்டர் முனையில் பொருத்தமான சின்ன போல்ட் ஒன்றைச் செருகுங்கள். ஐடிலிங்கைக் குறைத்து வையுங்கள். அதிகமாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் வேகத்தில் விரிந்து மெக்கானிக்கல் அட்வான்ஸ் தொடங்கிவிடும். டைமிங் லைட் பிடித்து மேனுவல் அளவுக்குக் கொண்டு வாருங்கள். இந்த எஞ்சினில் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். ஆக, டிஸ்ட்ரிபியூட்டர் உடலைக் கடிகாரப் பக்கம் திருப்பினால் அட்வான்ஸ், எதிர்ப்பக்கம் திருப்பினால் ரிட்டார்டு. லூகாஸ் 25டி வகையில் பக்கவாட்டில் ஒரு சொரசொரப்பான நட் இருக்கும். கடைசி ஓரிரு டிகிரிக்கு உடலை அசைக்காமல் அதைத் திருகுங்கள். ஏ என்றால் அட்வான்ஸ், ஆர் என்றால் ரிட்டார்டு.

இதோடு விடாதீர்கள். ஓஸ் இன்னும் கழற்றினபடியே 2,500 ஆர்பிஎம் பிடியுங்கள். குறி நகர்ந்தால் எடைகள் வேலை செய்கின்றன. அதே ஆர்பிஎம்மில் ஓஸை மாட்டுங்கள். லைட்டில் குறி சட்டென்று இன்னும் தள்ளிப்போக வேண்டும், ஆர்பிஎம்மும் கொஞ்சம் ஏறும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் யூனிட் செத்துப்போயிருக்கிறது, அல்லது ஓஸ் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே பாயிண்ட் தகடு இறுகிக் கிடக்கிறது.

கேள்வி: அண்ணே, ஐடிலிங் நல்லா இருக்கு, மிதிச்சா நல்லா இழுக்குது. ஆனா நாற்பது ஐம்பதுல ஒரே சீரா போகும்போது மட்டும் மிஸ்ஸடிக்குது. பிளக், கண்டென்சர், காயில் எல்லாம் மாத்தியாச்சு.

ஓஸைக் கழற்றி இரண்டு முனையையும் அடைத்துவிட்டு அதே ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வாருங்கள் தம்பி. மிஸ்ஸிங் போய்விட்டதா? அப்படியென்றால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தகட்டோடு சேர்ந்து அசைகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டரை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகட்டிலிருந்து உடலுக்கு ஒரு குட்டி எர்த் வயர் போகும், விரல் நீளம்கூட இருக்காது. வேக்குவம் தகட்டை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த வயர் மடங்கி நிமிர்கிறது. வருஷக்கணக்கில் மடங்கி மடங்கி, மேலுறைக்குள்ளேயே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். ஐடிலிங்கில் தகடு அசையாததால் தொடர்பு இருக்கும். முழு மிதியிலும் வேக்குவம் இல்லாததால் தகடு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நடுவில் மட்டும்தான் இழுபட்டு விட்டுப்போகும். காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் வயருக்கும் இதே வியாதி உண்டு. மல்டிமீட்டரைத் தகட்டுக்கும் உடலுக்கும் வைத்து, தகட்டை விரலால் தள்ளிக்கொண்டே பாருங்கள். முள் துள்ளினால் ஆள் அகப்பட்டான்.

மாற்றும்போது வீட்டு வயரிங் கம்பி வேண்டாம், ஒரே மாதத்தில் அறுந்துவிடும். நுண்ணிழை நிறைந்த மெத்தென்ற வயர் போடுங்கள். தகடு முழுக்க நகர இடம் கொடுத்துக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள், ஆனால் கேமிலோ ரோட்டரிலோ உரசக் கூடாது. வயர் நன்றாக இருந்தால் தகட்டின் தேய்மானத்தைச் சந்தேகப்படுங்கள்: நான்கு சிலிண்டர் 25டியில் டிவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் 60 டிகிரி, 3 டிகிரி கூடக் குறைய இருக்கலாம். ஓஸை மாட்டிக் கழற்றும்போது அதைத் தாண்டி டிவெல் ஆடினால் தகடு ஆட்டம் கண்டுவிட்டது.

கேள்வி: கை பம்ப் இல்லாம டயஃப்ரத்தைச் சோதிக்க முடியுமா?

முடியும். சுத்தமான ஓஸ் துண்டு ஒன்றை யூனிட்டில் மாட்டி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். தகடு நகர்ந்து, நாக்கை எடுக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பழைய ஓஸில் உறிஞ்சினால் பெட்ரோல் வாய்க்கு வரும், ஜாக்கிரதை. கை பம்ப் கிடைத்தால் 15 அங்குலம் ஏற்றி ஒரு நிமிடம் விடுங்கள். முள் இறங்கக் கூடாது.

கேள்வி: மீன் தொட்டி டியூப் போட்டிருக்கேன், நல்லாத்தானே இருக்கு?

இன்றைக்கு நன்றாக இருக்கும். இந்த எஞ்சினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப்பக்கம். ஓஸ் எஞ்சினைத் தாண்டித்தான் போக வேண்டும், வழி முழுக்கச் சூடு. அந்த டியூப் முதலில் இளகி உறிஞ்சலில் சப்பையாகும், பிறகு விறைத்து முனையில் வெடிக்கும். சுவர் தடித்த, பெட்ரோல் தாங்கும் ரப்பர் வேக்குவம் ஓஸ் வாங்குங்கள், உள்விட்டம் 3 முதல் 4 மி.மீ. கிளிப் இல்லாமலே குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கார்பரேட்டரிலிருந்து கிளம்பினதும் ஓஸ் மேல்நோக்கி ஏறட்டும். குளிரும் பெட்ரோல் ஆவி திரும்பக் கார்பரேட்டருக்கே வடியும். தொங்கலாக விட்டால் அங்கே தேங்கி, ஒரு நாள் டயஃப்ரத்துக்குப் போகும். வழியில் சின்னதாக ஒரு ஃப்யூவல் டிராப் (பெட்ரோலைப் பிடித்து நிறுத்தும் குப்பி) இருந்தால் 'இது எதுக்கு' என்று தூக்கி எறிய வேண்டாம்.

கேள்வி: மேடு ஏறும்போது நாக்கிங். வேக்குவம் ஓஸை அடைச்சுட்டா சரியாகுமா?

முழு மிதியில் மேடு ஏறும்போது நாக்கிங் (எஞ்சின் டக்டக்கென்று தட்டுவது) என்றால் ஆகாது. அப்போது வேக்குவமே இல்லை, வேக்குவம் அட்வான்ஸும் இல்லை. பேஸ் டைமிங் கூடுதல், அல்லது எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. லேசான மிதியில் சமதரையில் நாக்கிங் வந்து, ஓஸைக் கழற்றினால் நின்றால் மட்டும் யூனிட்டைக் குறை சொல்லுங்கள். நிரந்தரமாக அடைத்து ஓட்டினால் வண்டி ஓடும்தான். ஆனால் லேசான சுமையில் சிலிண்டருக்குள் போகும் மிக்ஸ்சர் அடர்த்தி குறைவு, மெதுவாக எரியும், நெருப்பை முன்னாடியே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மைலேஜ் இறங்கும், எக்ஸாஸ்ட் சூடேறும்.

கேள்வி: ஊட்டியில இருக்கேன். ஐடிலிங்ல மானிஃபோல்டு 12 அங்குலம்தான் காட்டுது. எஞ்சின் போச்சா?

போகவில்லை. ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஊட்டி 2,240 மீட்டர், அதாவது 7,300 அடிக்கு மேல். மேட்டுப்பாளையத்தில் 18க்குக் கிட்ட காட்டுகிற எஞ்சின் மேலே 11, 12 காட்டுவது நியாயம்தான். முள் ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: பழைய சாமான் கடையில ஒரு லூகாஸ் யூனிட் கிடைச்சுது. 5-13-10னு அடிச்சிருக்கு. போடலாமா?

முதல் எண், எத்தனை அங்குலத்தில் இழுக்கத் தொடங்கும் என்பது. இரண்டாவது, எத்தனை அங்குலத்தில் முழுதாக இழுத்து முடிக்கும். மூன்றாவது, மொத்தம் எத்தனை டிகிரி. ஆனால் இது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, கிராங்கில் இரண்டு மடங்கு. ஆக உங்கள் கையில் இருப்பது 20 டிகிரி கொடுக்கும். பழைய யூனிட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் போடுங்கள். போட்டபிறகு உறிஞ்சிப் பாருங்கள்: தகடு ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக நகர வேண்டும். கூடவே நகர்ந்தால் அது வேறு எஞ்சினுக்கான யூனிட், அட்வான்ஸுக்குப் பதில் ரிட்டார்டு பண்ணும்.

கேள்வி: ஈப்போவிலிருந்து. என்னிடம் 1600 ஃபோக்ஸ்வேகன் பீட்டில். டிஸ்ட்ரிபியூட்டர் வேக்குவம் டப்பாவில் இரண்டு ஓஸ். எது எங்கே?

வெளிப்பக்கம், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு எட்ட இருக்கும் முனை அட்வான்ஸ்; கார்பரேட்டரின் போர்ட்டட் துளைக்குப் போகும். உடலை ஒட்டிய முனை ரிட்டார்டு. த்ராட்டிலுக்குக் கீழே இருக்கும் துளைக்குப் போகும். மேலே சொன்ன 'கழற்றி அடை' விதி இதற்குப் பொருந்தாது. 34 பிக்ட்-3 கார்பரேட்டரோடு வந்த இந்த இரட்டை ஓஸ் வகையில் இரண்டையும் மாட்டிய நிலையிலேயே, டாப் டெட் சென்டரை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) தாண்டி 5 டிகிரியில் டைமிங் வைக்க வேண்டும். 'தாண்டி' என்பதைக் கவனியுங்கள், முன்னால் இல்லை. ரிட்டார்டு ஓஸை மட்டும் பிடுங்கிவிட்டு அதே 5 டிகிரி பின்னால் வைத்தால், ரோட்டில் எல்லா வேகத்திலும் டைமிங் பின்தங்கி எஞ்சின் கொதிக்கும்.