ரத்தம் கெட்டியா, நட்பு கெட்டியா?

கேள்வி: ‘ப்ளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்’ என்றால் சொந்தபந்தமே பெரிது என்று படித்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியோ, ‘கருவறை நீரைவிட உடன்படிக்கையின் ரத்தமே கெட்டி’ என்பதுதான் முழுப் பழமொழி, ஒரே வயிற்றில் பிறந்த உறவைவிடச் சத்தியம் செய்து சேர்ந்த நட்பே பெரிது என்பதே அதன் பொருள் என்கிறது. எது சரி? தமிழில் இதை எப்படிச் சொல்வது?

பதில்: நீங்கள் படித்ததுதான் சரி. அந்த ‘முழுப் பழமொழி’ 1990-களுக்குப் பிறகு பரவிய சரக்கு. ‘உடன்படிக்கையின் ரத்தம்’ என்ற தொடர் பைபிளில் உண்டு. கருவறை நீரோடு அதை ஒப்பிடும் வரி அங்கே இல்லை. பழைய பழமொழித் தொகுப்புகளிலும் இல்லை. 1885-இல் ட்ரம்புல் என்ற அமெரிக்கர், ‘பாலைவிட ரத்தம் கெட்டி’ என்ற கருத்து அரேபியரிடம் இருப்பதாக எழுதினார். ஒரே தாயிடம் பால் குடித்தவர்களைவிட ரத்தம் கலந்து சத்தியம் செய்தவர்களே நெருக்கம் என்பது அதன் பொருள். ஆனால் ஆங்கிலப் பழமொழி அப்படியல்ல என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.

ஆங்கிலத்தில் இந்த எண்ணம் பழையது. ‘ரத்தம் ரத்தத்தை இழுக்கும்’ என்று 15-ஆம் நூற்றாண்டிலேயே லிட்கேட் என்ற ஆங்கிலக் கவிஞர் பாடிவிட்டார். இன்றைய வடிவம் 1737-இல் ஆலன் ராம்சே தொகுத்த ஸ்காட்லாந்துப் பழமொழிகளில் இருக்கிறது. வால்டர் ஸ்காட்டின் 1815 நாவல் ‘கை மேனரிங்’கில் வரும் இடம்தான் ருசியானது. செத்துப்போன உறவுக்காரியின் உயிலை வாசிக்கிறார்கள். டின்மான்ட் என்ற விவசாயிக்கு ஒன்றும் இல்லை. ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டியாயிற்றே, நான் கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டியும் பன்றித்தொடையும் அவளுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்.

தமிழுக்கு வருவோம். ‘தண்ணீரைவிட ரத்தம் கெட்டியானது’ என்று எழுதினால் ஆய்வக அறிக்கை மாதிரி இருக்கும். உறவுக்கு ஒன்று என்றதும் மனம் பதறுவதைச் சொல்ல, ‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’. சண்டை போட்டாலும் பிரியாத உறவுக்கு, ‘நீரடித்து நீர் விலகாது’. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் அந்நியரைக் குறிக்கும் தண்ணீர் நம்மிடம் உறவாகிவிடுகிறது! வெளியாளை விட்டுவிட்டுச் சொந்தக்காரனுக்கே வேலை கொடுத்தான் என்பது போன்ற இடத்தில் இவை இரண்டும் பொருந்தா. ‘என்ன இருந்தாலும் சொந்த ரத்தம் அல்லவா’ என்று எழுதுங்கள், போதும்.

ஆங்கிலத்திலேயே எழுதுவதானால் ‘திக்கர்’ என்பதற்கு முன் ‘மோர்’ சேர்க்காதீர்கள். கதை இறந்தகாலத்தில் நடந்தாலும் ‘இஸ்’ என்பதை ‘வாஸ்’ ஆக்க வேண்டியதில்லை. கணவன் மனைவி பாசத்துக்கும் இது ஒத்துவராது. மனைவியா, அண்ணனா என்று வந்தால் இந்தப் பழமொழி அண்ணன் பக்கம்தான் நிற்கும்.