நீண்ட நாள் அலுவல் பயணம்: விடுதி வாடகையைப் பேசி முடிப்பது குறித்த கேள்வி பதில்

பதினான்கு ஆண்டுகள் விடுதிகளின் விற்பனைப் பிரிவில் வாடகை சொல்பவனாகவும், அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் ஒரு தொழில் நிறுவனத்தின் பயண ஏற்பாட்டுப் பிரிவில் வாடகை கேட்பவனாகவும் இருந்திருக்கிறேன். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வெளியூரில் தங்கி வேலை பார்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் நிறுவும் பணிக்காக மூன்று மாதம் தங்க வேண்டியிருக்கிறது. செயலியில் ஓர் இரவுக்கு 3,400 ரூபாய் காட்டுகிறது. வரவேற்பில் கேட்டால் "அதுதான் சார் ரேட்" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு வாடகையைக் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அன்றைய தேதிக்குக் கணினி காட்டும் தொகையைத்தான் அவர் சொல்ல முடியும். ஆகவே விற்பனை மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சிறிய விடுதியாக இருந்தால் உரிமையாளரையே பாருங்கள். வார நாளில், அறையைக் காலி செய்பவர்களின் கூட்டம் ஓய்ந்த பிறகு, பதினொன்றரை மணிக்கு மேல் நேரில் போவது நல்லது.

"எவ்வளவு குறைப்பீர்கள்" என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். வரும் தேதி, போகும் தேதி, இடையில் ஊருக்குப் போகும் நாட்கள், பணம் தருவது யார், எப்போது தருவார் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நான் விற்பனையில் இருந்த காலத்தில், எதிரே உட்கார்ந்தவர் அப்படி ஒரு தாளை நீட்டினால் உடனே கணினியில் அந்தத் தொண்ணூறு இரவுகளையும் வரிசையாகத் திறந்து பார்ப்பேன். எந்த இரவில் எத்தனை அறைகள் சும்மா கிடக்கப் போகின்றன என்பது அங்கே தெரியும். இன்றிரவு விற்காமல் போன அறையை நாளைக்கு இரண்டு முறை விற்க முடியாது. அந்தக் காலி இரவுகளை நீங்கள் நிரப்புகிறீர்கள் என்பதற்காகத்தான் விடுதிக்காரர் விலையில் இறங்கி வருகிறார். நீங்கள் வற்புறுத்துவதால் அன்று.

செயலியில் காட்டும் தொகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 3,400 ரூபாயில் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை முன்பதிவு நிறுவனத்துக்குத் தரகாகப் போய்விடும். நேரடியாக வரும் உங்களிடம் 2,800 ரூபாய்க்கு அறை கொடுத்தாலும் விடுதிக்குக் கையில் நிற்கும் தொகை ஏறத்தாழ அதேதான். "எங்களைவிடக் குறைந்த விலையை வேறெங்கும் காட்டக் கூடாது" என்று முன்பதிவு நிறுவனங்கள் விடுதிகளைக் கட்டுப்படுத்தும் வழக்கம் உண்டு. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில் இந்த நிபந்தனையும் விசாரணைக்கு உள்ளான ஒன்று. எப்படியிருந்தாலும், பொதுவில் அறிவிக்காமல் ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தனி வாடகை தருவது விடுதித் தொழிலில் நெடுநாளாக உள்ள நடைமுறைதான். தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. வெள்ளி இரவு மதுரைக்குப் போய்விடுவேன். அறையைக் காலி செய்வதா, வைத்துக்கொள்வதா?

பதில்: இது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். அலுவல் பயணிகளை நம்பியிருக்கும் விடுதிகளில் செவ்வாய், புதன் இரவுகள் தாமாகவே நிரம்பிவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகள்தாம் படுத்துவிடும். நீங்கள் நிரம்பும் இரவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு காலியாகும் இரவுகளைத் திருப்பிக் கொடுத்தால், மாதக்கணக்கில் தங்குபவர் என்ற பேரத்தில் பாதி வலு போய்விடுகிறது.

நான் எங்கள் பொறியாளர்களுக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு இதுதான்: வெள்ளி காலை கணக்கை முடித்துவிடுவது, பெட்டியை விடுதியின் சாமான் அறையில் சீட்டுப் போட்டு வைப்பது, திங்கள் காலை ஏழு மணிக்கே கூடுதல் கட்டணமின்றி அறை தருவதாக எழுதி வாங்குவது. இரவுப் பேருந்தில் வந்து இறங்குபவருக்கு அந்த ஏழு மணி அறைதான் உண்மையான சலுகை. அதை விட்டுவிட்டு இரவுக்கு நூறு ரூபாய் குறைத்து வாங்கியவர்கள், பன்னிரண்டு மணி வரை வரவேற்பறைச் சோபாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்ற கணக்கு இன்னும் இருக்கிறது; அடிக்கடி வந்து போகிறவருக்கு அது மிகவும் பொருந்தும்.

வார இறுதியிலும் அறையை வைத்திருந்தே ஆக வேண்டும் என்றால், அந்த மூன்று இரவுகளுக்குப் பாதி வாடகை என்று கேட்டுப் பாருங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே சனிக்கிழமைதான் பொன் விளையும் நாள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு மதுரையில் ஒரு விடுதியோடு ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் வைகாசியில் நான்கு முறை "அறை இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். அதே நாளில் செயலியில் அதே விடுதி கூடுதல் விலைக்கு அறை காட்டியது. இது நியாயமா?

பதில்: உங்கள் ஒப்பந்தத்தில் "கடைசி அறை உள்ளவரை இந்த வாடகை" என்ற ஷரத்து இல்லாமல் இருந்திருக்கும். அது இல்லாத ஒப்பந்தத்தில் குறைந்த வாடகை அறைகளுக்கு விடுதி தன் விருப்பம்போல் ஒரு எண்ணிக்கை வைத்து, அது தீர்ந்ததும் கதவை மூடிவிடலாம். அந்த ஷரத்தைப் போட்டால் வாடகை கொஞ்சம் ஏறும். அப்படியும் அது தகும் என்பதே என் கருத்து. தேவைப்படும் இரவில் கிடைக்காத குறைந்த வாடகையால் ஒருவருக்கும் பயனில்லை.

கூடவே, சலுகை செல்லாத நாட்களின் பட்டியலைத் தேதி வாரியாகக் கேட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். "விசேஷ நாட்கள் நீங்கலாக" என்று பொதுவாக எழுதிய வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் கல்யாண மண்டபமோ பெரிய விருந்து அரங்கமோ உள்ள விடுதிக்கு முகூர்த்த நாள் ஒவ்வொன்றும் விசேஷ நாள்தான். திருவண்ணாமலையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வாடகை ஏறும். கார்த்திகை தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். பெங்களூருவில் எலகங்காவை ஒட்டித் தங்குபவர்கள், இரண்டாண்டுக்கு ஒருமுறை பிப்ரவரியில் நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சி வாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023, 2025 என ஒற்றைப்படை ஆண்டுகளில் அது வந்திருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால், மண்டப வருமானத்தை நம்பிய விடுதிகளில் அறைகள் காலியாகக் கிடக்கும். சென்னையில் மார்கழிக்குக் கச்சேரி ரசிகர்களும் வெளிநாட்டு உறவினர்களும் வந்துவிடுவார்கள். மற்ற ஊர்களில் அப்படி இல்லை. ஆண்டு ஒப்பந்தத்தைப் பேச நான் ஆடி முதல் வாரத்தில்தான் போவேன். வெறிச்சோடிய மண்டபத்தைப் பார்த்தபடி பேசும் மேலாளர், தை மாதத்தில் பேசும் அதே மேலாளரைப்போல் இருக்க மாட்டார்.

கேள்வி: 2,600 ரூபாய் சொல்லும் விடுதியா, 2,900 சொல்லும் விடுதியா? ஒரு மாதத் தங்கல்.

பதில்: முதல் விடுதியின் விலை அறைக்கு மட்டுமா என்று கேளுங்கள். விடுதிக்காரர்கள் அதை ஈ.பி. என்பார்கள்; காலை உணவு சேர்ந்தது சி.பி. வெளியே காலை உணவுக்கு 200 ரூபாய், சட்டையும் கால்சட்டையும் சலவைக்குப் போட்டால் 160 ரூபாய் என்று வைத்தாலே 2,600 என்பது 2,960 ஆகிவிடும். இரண்டாவது விடுதி காலை உணவோடு தினம் இரண்டு துணி சலவையும் தந்தால் அதுவே மலிவு. ஒரு மாதம் தங்குபவருக்குச் சலவைதான் சத்தமில்லாமல் ஏறும் செலவு. வாடகையில் இறங்காத மேலாளரும் சலவையில் இறங்குவார். அவருடைய மாத அறிக்கையில் சராசரி வாடகை குறைந்ததாகத் தெரியாதல்லவா.

கேள்வி: வாடகை 7,500 ரூபாயைச் சுற்றி இருக்கும்போது வரியை எப்படிப் பார்ப்பது?

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,600 ரூபாய் அறைக்கு வரியோடு 8,968 ரூபாய். 7,500 ரூபாய் அறைக்கு 7,875 ரூபாய். நூறு ரூபாய் குறைத்து வாங்கினால் இரவுக்கு 1,093 ரூபாய் மிச்சம். இந்த எல்லைக்கு அருகில் விலை சொன்னால் முதலில் அதைப் பேசுங்கள். 5 சதவீத அறைகளுக்கு விடுதியால் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது; அதாவது தான் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதைக் காரணம் காட்டி அடிப்படை வாடகையை ஏற்றப் பார்த்தால், வரியையும் சேர்த்த மொத்தத்தைப் பழைய பில்லோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று: உங்கள் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. பதிவு தமிழ்நாட்டில் மட்டும் இருந்து, தங்குவது பெங்களூருவில் என்றால், விடுதி வசூலிப்பது கர்நாடகத்தின் மாநில வரியும் மத்திய வரியுமாக இருக்கும். அதை இங்கே வரவு எடுக்க முடியாது. முழுச் செலவாகவே கணக்கில் வையுங்கள்.

கேள்வி: திருப்பூரில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். விடுதி பில்லுக்கு டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டுமா?

பதில்: குறிப்பிட்ட அறைகளை உங்களுக்கென்றே ஒதுக்கி, தங்கினாலும் தங்காவிட்டாலும் பணம் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தால், அது வாடகையாகவே கருதப்படும். மாதம் 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் பிடிக்க வேண்டும். "தங்கினால் இந்த விலை" என்ற விலை ஒப்பந்தம் மட்டும் இருந்தால், அது இதில் சேராது என்று நேரடி வரிகள் வாரியம் 2002-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒப்பந்த வாசகத்தைக் கையெழுத்துக்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நிறுவனம் என்னை ஏழு வாரத்துக்கு டல்லாஸ் அனுப்புகிறது. அங்கே பேரம் பேச இடம் உண்டா?

பதில்: உண்டு, அதைவிட முக்கியமாக வரியில் ஒரு வழி இருக்கிறது. டல்லாஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் தொடர்ந்து 30 நாட்களுக்குக் குறையாமல் தங்குபவருக்கு விடுதி வரி விலக்கு உண்டு. மாநில வரி மட்டும் 6 சதவீதம். நகர வரி அதற்கு மேல். தங்கத் தொடங்கும்போதே "30 நாட்களுக்குக் குறையாமல் தங்குவேன்" என்று எழுத்தில் கொடுத்தால் முதல் நாளிலிருந்தே விலக்கு. கொடுக்காவிட்டால் 30 நாட்களுக்குப் பிறகுதான். இடையில் இரண்டு நாள் வேறு விடுதிக்கு மாறினால் தொடர்ச்சி அறுந்துவிடும். ஆகவே நண்பர் வீட்டுக்குப் போகும் வார இறுதியிலும் அறையை விடாதீர்கள்.

மலேசியாவுக்குப் போகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி 2017 முதல் உண்டு. பேசிய வாடகையில் அது சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடையது சிறிய நிறுவனம். ஆண்டுக்கு நாற்பது இரவுகள்தான் தேறும். இருநூறு என்று சொல்லி விலையைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். நான் விற்பனையில் இருந்தபோது ஒரு நிறுவனம் முந்நூறு இரவுகள் என்று சொல்லி வாடகை வாங்கி, அறுபதோடு நின்றது. மறு ஆண்டு அவர்களுடைய மின்னஞ்சலுக்கு நான் பட்டியல் விலையைத்தான் அனுப்பினேன். நாற்பது என்றே சொல்லுங்கள். அந்த நாற்பதும் அவர்களிடமே வரும் என்றும், பில் வந்த ஏழு நாளில் பணம் தருவீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்களிடம் இரண்டு மாதம் பணத்துக்கு அலைந்த விடுதிக்காரருக்கு அந்த ஏழு நாள் பெரிய விஷயம்.

கேள்வி: அறுபது நாள் என்று பேசி வாடகை வாங்கினேன். வேலை முப்பத்தைந்து நாளில் முடிந்துவிடும்போல் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இன்றே விற்பனை மேலாளரிடம் சொல்லிவிடுங்கள், காலி செய்யும் காலையில் சொன்னால்தான் சண்டை வரும். முப்பது நாளுக்கு மேல் தங்கியவருக்குரிய வாடகை எதுவோ, அதைக் கொண்டு முழுக் கணக்கையும் மறுபடி போடச் சொல்லுங்கள். அறுபது நாள் வாடகைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவது நியாயம். பட்டியல் விலைக்குத் திரும்பிப் போவது நியாயம் அன்று. அடுத்த முறை பேசும்போதே 15, 30, 60 நாள் என்று மூன்று படிகளுக்கும் வாடகையை ஒரே மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். பணத்தை மாதத்துக்கு மொத்தமாக முன்கூட்டிக் கட்டாமல் வாரம்தோறும் கட்டுங்கள். பில்லில் அந்த வாரத்து வாடகை பேசியபடியே இருக்கிறதா என்று அன்றே சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.