மேல் அடுக்குக் கரி கீழ் அடுக்கைவிடப் பழசா?

பழைய நிலநடுக்கத்தின் காலத்தை அறிய நிலப்பிளவின் குறுக்கே வெட்டிய குழியில், மேலே சரிவு மண்ணில் எடுத்த கரி 2,100 ஆண்டு, கீழ் அடுக்குக் கரி 900 ஆண்டு என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆய்வகத்தைச் சந்தேகிக்க அவசரம் வேண்டாம். கரியின் வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் முறை சொல்வது மரம் வளர்ந்த காலத்தை, கரி புதைந்த காலத்தை அல்ல. நிலநடுக்கத்தில் எழும்பிய மேட்டிலிருந்து சரிந்த மண், பழைய கரியையும் இழுத்துவரும்.

ஆனால் 900ஐயும் உடனே நம்பாதீர்கள். அந்தக் கரி எலிவளை, வேர்த்துளை வழியாக இறங்கியதா என்று கரணையால் சுவரைச் சுரண்டிப் பாருங்கள். துளை இல்லையென்றால் சரிவு மண் படிந்தது கடந்த 900 ஆண்டுக்குள்தான்.

தேவை இரண்டு வயது: பிளவு அறுத்த கடைசி அடுக்கு, அறுபடாமல் மூடிய முதல் அடுக்கு. நிலநடுக்கம் இவை இரண்டுக்கும் இடையில்தான். விதை, சுள்ளி எடுங்கள்; தடித்த கட்டைக் கரி வேண்டாம். மூடிய அடுக்கு ஆற்றுமணல் என்றால் ஓஎஸ்எல் (மணல் கடைசியாக வெயில் பட்ட காலத்தைச் சொல்லும் முறை) நல்லது. இரும்புக் குழாயை அடித்திறக்கி, வெளிச்சம் படாமல் இரு முனையையும் அடைத்துவிடுங்கள். சரிவு மண்ணுக்கு அது சரிவராது. வெயில் காணாமலே புதைந்திருக்கும், வயது கூடிவிடும்.

கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் பேலட் கிரீக் என்ற ஆய்விடம் அவ்வளவு தெளிவாக இருந்ததே, பீட் (அரைகுறையாக மக்கிய தாவரம்) அடுக்குகள் மணலோடு மாறி மாறிப் படிந்ததால்தான். உங்கள் குழியில் அந்த வசதி இல்லை. இன்னொரு குழி வெட்டுங்கள்.